147573952589676412927 என்ற எண்ணில் அப்படி என்ன சிறப்பு?

இந்த எண்ணோடு எனக்குப் பழைய பகை உண்டு. கல்லூரியில் படிக்கும்போது சி என்ற கணினி நிரல் மொழியில் 2-ஐ 67 தடவை பெருக்கி, 1-ஐக் கழித்து அச்சிட்டேன். கடைசி இலக்கம் 8 என்று வந்தது. இரட்டைப்படை எண்ணிலிருந்து ஒன்று குறைத்தால் எப்படி இரட்டைப்படை வரும்? தசம எண்களுக்கான 'டபுள்' வகையில் சேமித்திருந்தேன். அதில் சுமார் 16 இலக்கம்தான் துல்லியமாக நிற்கும், இதற்கோ 21 இலக்கம். கழித்த அந்த 1 காணாமலே போய்விட்டது.

ஆம், நீங்கள் கேட்டிருப்பது 2^67 − 1. சதுரங்கப் பலகையில் கட்டத்துக்குக் கட்டம் இரட்டிப்பாகும் நெல்மணிக் கதை தெரியும்தானே? அப்படி எட்டுப் பலகை நெல்லைக் கொட்டி, மேலே 7 மணி போட்டால் சரியாக இந்த எண்.

1644இல் பிரான்சைச் சேர்ந்த மெர்சென் பாதிரியார் இது பகா எண் என்று பட்டியலிட்டார். 1876இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் எட்வார்ட் லூக்கா அது தவறு என்று நிறுவினார். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்: பகு எண் என்று தெரிந்துவிட்டது, ஆனால் ஒரு காரணிகூடக் கையில் இல்லை. திருட்டு நடந்தது உறுதி, திருடன் யாரென்று தெரியாது என்பது மாதிரி. 27 வருடம் அப்படியே கிடந்தது.

1903 அக்டோபரில் நியூயார்க்கில் நடந்த அமெரிக்கக் கணிதக் கழகக் கூட்டத்தில் ஃபிராங்க் நெல்சன் கோல் விடையை வைத்தார்:

193707721 × 761838257287

வாயே திறக்காமல் கரும்பலகையில் பெருக்கிக் காட்டிவிட்டுப் போய் உட்கார்ந்தார், மூன்று வருட ஞாயிற்றுக்கிழமைகளை இதற்கே செலவிட்டார் என்றெல்லாம் சொல்வார்கள். கொஞ்சம் மசாலா இருக்கலாம்.

அப்புறம், 67 பகா எண் என்பதால் இதன் எந்தப் பகாக் காரணியிலும் 1-ஐக் கழித்தால் 134ஆல் மீதியின்றி வகுபட வேண்டும். அதோடு அந்தக் காரணியை 8ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 மட்டுமே வரும். கோலின் முதல் காரணி 134 × 1445580 + 1. இரண்டு விதிகளையும் வைத்து வடிகட்டி, சிறியதிலிருந்து ஒவ்வொன்றாக வகுத்துக்கொண்டே போனால் 7,22,790ஆவது முயற்சியில் மாட்டும். பைத்தான் நிரல் மொழியில் கண் சிமிட்டும் நேரம். கையால் யோசித்துப் பாருங்கள்! கோல் இப்படி வகுத்துக்கொண்டிருக்கவில்லை, இருபடி மீதிகளை (வர்க்க எண்களை வகுத்தால் வரும் மீதிகளை) வைத்துத் தேடலைச் சுருக்கினார்.

பெருக்கலைச் சரிபார்க்க வேண்டுமா? இலக்கங்களைக் கூட்டுங்கள். முதல் காரணிக்கு 37, இரண்டாவதற்கு 64, உங்கள் எண்ணுக்கு 109. மூன்றையும் 9ஆல் வகுத்தால் மீதி 1; 1 × 1 = 1, பொருந்துகிறது. கடைசி இரண்டு இலக்கங்களுக்கு 21 × 87 = 1827, ஆக 27. இது முழு நிரூபணம் ஆகாது. மிச்சப் பெருக்கலுக்கு ஒரு முழுத்தாள் எடுத்துக்கொள்ளுங்கள், நான் ஒருமுறை போட்டுப் பார்த்ததில் நடுவில் இரண்டு இடத்தில் தப்பு விட்டேன்.