சொல் மனதில் நிற்கவில்லையா? ரீச்சரிடம் கேள்விகள்

கிளிநொச்சியில் ஜேர்மன் மொழியும் பேச்சு ஆங்கிலமும் படிப்பிக்கிறேன். வெளிநாட்டு மொழிச் சொற்களை எப்படி மனதில் இருத்துவது, இருத்தியதை எப்படித் தடங்காமல் கதைப்பது என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். வந்த வரிசையிலேயே பதில் எழுதுகிறேன். எல்லோருக்கும் ஒரே நீளத்தில் பதில் வராது, கோபிக்க வேண்டாம்.

புதுக்குடியிருப்பிலிருந்து ஒரு தங்கை: ரீச்சர், அவர் ஜேர்மனியில் இருக்கிறார். நான் விசாவுக்கு ஏ1 சோதனை, அதாவது ஜேர்மன் மொழியின் முதல் படிச் சோதனை, எடுக்க வேண்டும். ஒவ்வொரு சொல்லையும் கொப்பியில் பத்துத் தரம் எழுதுகிறேன். இரவு எல்லாம் தெரியும். விடிய எழும்பினால் பாதி இல்லை. எனக்கு மூளை குறைவா?

மூளையில் குறையில்லை தங்கச்சி, முறையில்தான் குறை. பத்துத் தரம் எழுதும்போது இரண்டாம் தரத்திலிருந்து கை மட்டும்தான் வேலை செய்கிறது. மேல் வரியைப் பார்த்துக் கீழ் வரியில் இறக்குகிறீர்கள். மனதுக்குள் போய்த் தேடி எடுக்கிற வேலை நடக்கவே இல்லை.

ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்ற ஜேர்மன்காரர் பொருளில்லாத அசைகளைத் தானே பாடமாக்கி, எவ்வளவு மறந்தது என்று தானே அளந்து 1885இல் வெளியிட்டார். ஒரு நாள் கழிவதற்குள் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. உங்களுக்குப் பாதி மிஞ்சுகிறது என்றால் அவரைவிட நீங்கள் பரவாயில்லை.

இன்னொன்று. 2006இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் மாணவர்களிடம் ஒரு பந்தியைக் கொடுத்தார்கள். சிலர் அதைத் திரும்பத் திரும்ப வாசித்தார்கள். மற்றவர்கள் ஒரு தரம் வாசித்து, தாளைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடத்தில் சோதித்தபோது வாசித்தவர்களே முன்னுக்கு நின்றார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் நிலைமை தலைகீழ். இரவு தெரிந்தது விடிய இல்லாமல் போவதும் இதே கதைதான். பார்த்துப் பார்த்துப் படித்தது அந்த நேரத்துக்குத் தெரிந்த மாதிரி இருக்கும்.

ஆகவே கொப்பியை மூடுங்கள். வீட்டில் பழைய கலியாண அழைப்பிதழ்கள் கிடக்கும், அந்த மட்டையை நான்காக வெட்டுங்கள். ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் ஜேர்மன். தமிழைப் பார்த்து ஜேர்மனை வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் மட்டையைத் திருப்ப வேண்டும். வரவில்லையா, உடனே திருப்பாமல் கொஞ்சம் தவித்துப் பாருங்கள். பிறகு ஒரு சப்பாத்துப் பெட்டியை ஐந்து தட்டாகப் பிரியுங்கள். புது மட்டை எல்லாம் முதல் தட்டில். சரியாகச் சொன்னால் அடுத்த தட்டுக்குப் போகும், பிழைத்தால் எந்தத் தட்டில் இருந்தாலும் முதலாவதுக்குத் திரும்பும். இது செபாஸ்தியான் லைட்னர் 1972இல் பரப்பிய முறை. என் வகுப்பில் முதல் தட்டைத் தினமும், இரண்டாவதை ஒன்றுவிட்டு ஒரு நாளும், மூன்றாவதை வாரம் ஒரு தரமும், நான்காவதை இரண்டு வாரத்துக்கு ஒரு தரமும், ஐந்தாவதை மாதம் ஒரு தரமும் எடுக்கச் சொல்கிறேன்.

ஏ1க்கு, அந்தச் சோதனையை நடத்தும் கோத்தே நிறுவனம் வெளியிட்டிருக்கும் பட்டியலில் ஏறத்தாழ 650 சொற்கள். நாளுக்குப் பத்துப் புதுச் சொல் என்றால் இரண்டு மாதத்துக்குச் சற்றுக் கூடச் செல்லும். பெயர்ச்சொல் எதையும், அதன் பாலைக் காட்ட முன்னுக்கு வருகிற டெர், டீ, டஸ் இல்லாமல் மட்டையில் எழுதாதீர்கள். பிறகு ஒட்டவைக்கிறது பெரும் பாடு.

பேச்சுப் பகுதிக்குத் தனியாகப் பழக வேண்டும். உங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும், கொடுக்கும் மட்டையில் உள்ள சொல்லை வைத்துக் கேள்வி கேட்கவும் பதில் சொல்லவும் வேண்டும், அப்புறம் ஏதாவது தரும்படி அல்லது செய்யும்படி கேட்க வேண்டும். பெயரை எழுத்துக்கூட்டச் சொல்வார்கள். எங்கள் பெயர்களின் நீளம் தெரியும்தானே, கோழிக்குத் தீன் போடும்போதுகூட எழுத்துக்கூட்டிப் பழகுங்கள். தொலைபேசி இலக்கத்தை ஒவ்வொரு எண்ணாகவே சொல்லலாம். ஜேர்மனில் இருபத்தொன்றை 'ஒன்றும் இருபதும்' என்கிற மாதிரித்தான் சொல்வார்கள், அந்தச் சிக்கலுக்குள் போகத் தேவையில்லை. 100க்கு 60 எடுத்தால் சித்தி.

மாங்குளத்திலிருந்து ஒரு தம்பி: எந்த அப் நல்லது?

அன்கி. கணினியிலும் அன்ட்ரொயிட் போனிலும் இலவசம், ஐபோனில் காசு கேட்கும். மேலே சொன்ன பெட்டியின் வேலையைத்தான் அதுவும் செய்கிறது. மற்றவர் செய்த மட்டைகளை இறக்காமல் நீங்களே செய்யுங்கள்.

மல்லாவியிலிருந்து: ஆங்கிலம் சரளமாகக் கதைக்க எத்தனை சொல் தெரிந்திருக்க வேண்டும்?

மைக்கல் வெஸ்ட் என்பவர் முன்பு வங்காளத்தில் ஆங்கிலம் படிப்பித்தவர். மாணவர்கள் முதலில் படிக்க வேண்டியவை என்று அவர் 1953இல் வெளியிட்ட பட்டியல் ஏறத்தாழ 2000 சொற்கள். நியூசிலாந்து மொழியியலாளர் போல் நேஷன் போட்ட கணக்கு வேறு: பிறர் பேசுவதைத் தடையில்லாமல் விளங்க 6000 முதல் 7000, நாவலும் பத்திரிகையும் வாசிக்க 8000 முதல் 9000. அவர் ஒரு சொல்லையும் அதன் கிளைகளையும் சேர்த்து ஒன்றாக எண்ணுகிறார்.

பயப்பட வேண்டாம். அது கேட்பதற்கும் வாசிப்பதற்கும். கதைக்க வெஸ்டின் 2000 போதும். ஓ.எல் வரை ஆங்கிலம் படித்த உங்களுக்கு அதில் பெரும்பகுதி பார்த்தால் தெரியும். கேட்டவுடன் வாயில் வருமா என்பதுதான் கேள்வி. பரந்தன் அக்காவும் இதையே கேட்டிருக்கிறார், கீழே வருகிறேன்.

தர்மபுரத்திலிருந்து: ஒரு மாதத்தில் ஏ1 முடிக்க வழி இருக்கிறதா? 'நிச்சயம் சித்தி' என்று ஒருவர் காசு கேட்கிறார்.

காசு கொடுக்காதீர்கள். சோதனை மண்டபத்தில் நீங்கள்தான் வாய் திறக்க வேண்டும், அவர் இல்லை.

ஒட்டுசுட்டானிலிருந்து: பாடப்புத்தகத்தில் நிறங்கள் ஒரு பாடம், கிழமை நாட்கள் ஒரு பாடம், மரக்கறிகள் ஒரு பாடம். எல்லாம் பாடமாக்கினேன். ஆனால் பச்சையைக் கேட்டால் மஞ்சள் வருகிறது.

நல்ல கேள்வி. ஒரே இனத்துச் சொற்களை ஒரே நாளில் படித்தால் அவை ஒன்றோடொன்று இடிபடும். டிங்க்கம் என்ற ஆய்வாளர் 1993இலும் வாரிங் என்ற ஆய்வாளர் 1997இலும் இதைச் சோதித்தார்கள். இனம் சேர்ந்த பட்டியலைப் படிக்கத்தான் கூட நேரம் எடுத்தது, தொடர்பில்லாத சொற்கள் விரைவாகப் பதிந்தன. ஆனாலும் புத்தகம் எழுதுகிறவர்கள் விடுகிறார்கள் இல்லை. பக்கம் வடிவாக இருக்கும், அதுதான் காரணம்.

எதிர்ச்சொற்கள் இன்னும் மோசம். இடதையும் வலதையும் ஒரே நாளில் படித்தவர் ஆயுளுக்கும் தடுமாறுவார். ஒன்றை இன்று படியுங்கள், அது வாயில் உறுதியாக வந்த பிறகு மற்றது. சொற்களைச் சேர்த்துப் படிக்க ஆசையென்றால் இனமாகச் சேர்க்காமல் இடமாகச் சேருங்கள். சந்தைக்குப் போனால் பை, மலிவு, நிறு, பழுத்த, மிச்சக்காசு. ஒரு சின்னக் கதைக்குள் எல்லாம் வந்துவிடும், ஒன்று மற்றதின் இடத்தைப் பிடிக்காது. கதையைச் சொல்லும்போது கொப்பி மூடியிருக்க வேண்டும்.

கிளிநொச்சியிலிருந்து: விசாவுக்கு வங்கிக் கணக்கில் எவ்வளவு காசு காட்ட வேண்டும்?

தூதரகத்தின் இணையத்தளத்தைப் பாருங்கள்.

வவுனியாவிலிருந்து ஒரு தங்கை: ஜேர்மன் சொல்லுக்கு மேலே தமிழ் எழுத்தில் உச்சரிப்பை எழுதி வைக்கிறேன். வகுப்பில் எல்லோரும் அப்படித்தான். பிழையா?

பிழை. எங்கள் ஊர் எழுத்தில் இரட்டிப்புப் பிழை. என்னை 'ரீச்சர்' என்று எழுதுகிறீர்கள். ரயர், ரொபி, ரியூசன் எல்லாவற்றிலும் 'ட' ஒலிக்கு 'ர'. பழகிய சொல் என்பதால் கண் பிழையாமல் வாசிக்கிறது. பழகாத மொழியில் என்ன ஆகும்? சிவப்புக்கும் 'ரோட்' என்று எழுதுவீர்கள், செத்துப்போனதற்கும் 'ரோட்' என்று எழுதுவீர்கள். ஒரு வாரம் கழித்து மட்டையை எடுத்தால் எது எது? தோட்டத்துக்கும் 'கார்ட்டன்', மட்டைகளுக்கும் 'கார்ட்டன்', ஏனென்றால் முதலெழுத்தின் இரண்டு ஒலிக்கும் எங்களிடம் ஒரே 'க'.

விசுவமடுவிலிருந்து, இளைப்பாறிய ஆங்கில ஆசிரியர் ஒருவர்: பிள்ளை, நாங்கள் அப்படித்தான் படிப்பித்தோம். கிராமத்துப் பிள்ளைக்கு ஆங்கில எழுத்தே பயம். தமிழ் எழுத்து ஒரு ஊன்றுகோல். அதைப் பறித்தால் பிள்ளை வகுப்புக்கே வராது.

வணக்கம் ஐயா. ஆங்கிலத்துக்கு உங்கள் நியாயம் எனக்கு விளங்குகிறது. அதன் எழுத்துக்கூட்டலை யாரும் நம்ப முடியாது. ஜேர்மன் அப்படியில்லை, பெரும்பாலும் எழுதியபடியே வாசிக்கலாம். ஈ (e) எழுத்தும் ஐ (i) எழுத்தும் சேர்ந்து வந்தால் இரண்டாவதாக நிற்கும் எழுத்தின் ஆங்கிலப் பெயர்தான் ஒலி: ஐ பின்னுக்கு நின்றால் 'ஐ', ஈ பின்னுக்கு நின்றால் 'ஈ'. டபிள்யூ வந்தால் 'வ'. வீ வந்தால் பெரும்பாலும் 'ஃப'. இப்படிச் சில விதிகள், ஒரு வாரத்து வேலை. அந்த ஒரு வாரம் வேண்டுமானால் உங்கள் கோலைப் பிடிக்கட்டும்.

சுவிஸிலிருந்து ஒரு அண்ணா (சொந்த ஊர் முள்ளியவளை): இரண்டு பேரும் சண்டை பிடித்து வேலையில்லை. இங்கே வந்தால் புத்தக ஜேர்மனே ஒருவரும் கதைப்பதில்லை.

அண்ணா சொல்வது உண்மை. சுவிஸின் ஜேர்மன் பகுதியில் கடையிலும் பஸ்ஸிலும் சுவிஸ் ஜேர்மன்தான். ஆனால் கடிதம், பாடசாலை, செய்தி எல்லாம் புத்தக ஜேர்மன். அதைப் படித்துவிட்டுப் போனால் மற்றதைக் காதால் பிடிக்கலாம். அதற்காக இங்கே செத்ததைச் சிவப்பாக்க வேண்டாம்.

திரும்பவும் விசுவமடு ஐயா: தமிழ் எழுத்து இடம் பார்த்து ஒலி மாறும். 'பம்பரம்' என்பதில் முதல் ப வேறு, இரண்டாவது ப வேறு. தமிழ்ப் பிள்ளைக்கு அது தானாக வரும். நீங்கள் தமிழைக் குறைத்து மதிப்பிடுகிறீர்கள்.

ஐயா, நீங்கள் சொன்ன அதே விதிதான் எங்களை விழுத்துகிறது. மெல்லினத்துக்குப் பின்னால் வல்லினம் மெதுவாகும். அதனால் நாயைக் குறிக்கும் 'ஹுண்ட்' என்பதைத் தமிழில் வாசிக்கிற பிள்ளை கடைசி ஒலியை 'சண்டை'யில் வருகிற மாதிரி மெதுவாகச் சொல்லும். ஜேர்மன்காரர் அதை 'பட்டம்' என்பதில் வருகிற மாதிரி வன்மையாகச் சொல்வார்கள். நாய்கள் என்று பன்மையாக்கினால் மெதுவான ஒலி திரும்ப வரும். இந்த வித்தியாசத்தைத் தமிழ் எழுத்தில் காட்ட முடியாது. அது தமிழின் குறை இல்லை, தமிழ் எழுத்து தமிழுக்காகச் செய்தது. தங்கச்சி, நீங்கள் ஜேர்மன் எழுத்தை மட்டும் எழுதுங்கள். ஒலிக்கு, புத்தகத்தோடு வருகிற ஒலிப்பதிவைக் கேட்டு, உங்கள் குரலையும் போனில் பதிந்து, இரண்டையும் மாறி மாறிக் கேளுங்கள்.

ஐயா இன்னும் இரண்டு பதில் அனுப்பியிருக்கிறார். அவரோடு நேரில் தேத்தண்ணியோடு தொடர்கிறேன், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

பரந்தனிலிருந்து ஒரு அக்கா: ஆங்கிலம் வாசித்தால் விளங்கும், செய்தி கேட்டால் விளங்கும். கதைக்கப் போனால் வாய் கட்டிப்போகிறது.

அக்கா, உங்களுக்குப் புதுச் சொல் தேவையில்லை. மட்டையையும் விடுங்கள். இருக்கிற சொல்லை வேகமாக எடுக்கப் பழக வேண்டும். கீத் மொரிஸ் 1983இல் எழுதிய ஒரு பயிற்சி இருக்கிறது. ஒரே விசயத்தை ஒருவருக்கு நான்கு நிமிடம் சொல்லுங்கள். அதே விசயத்தை வேறொருவருக்கு மூன்று நிமிடத்தில். மூன்றாமவருக்கு இரண்டு நிமிடத்தில். விசயம் மாறக்கூடாது, நேரம்தான் சுருங்க வேண்டும். முதல் தரம் சொல்லைத் தேடுவீர்கள், இரண்டாம் தரம் தேடிய சொல் கையில் இருக்கும், மூன்றாம் தரம் வசனமே சேர்ந்து வரும்.

விசயம் இலேசானதாக, உங்களுக்கு நன்றாகத் தெரிந்ததாக இருக்கட்டும். இரணைமடுவில் வான்கதவு திறந்த அன்று என்ன நடந்தது, இந்தப் போகம் நெல்லுக்கு என்ன விலை போனது, பஸ்ஸில் யார் யாரோடு சண்டை. கேட்க ஆள் இல்லையென்றால் போனில் பதியுங்கள். எழுதிவைத்து வாசிக்கக் கூடாது. எழுதினால் அது வாசிப்பு, பேச்சு இல்லை. கொப்பி மூடித்தான் இருக்க வேண்டும். நடுவில் ஒரு சொல் வராவிட்டால் சுற்றி வளைத்துச் சொல்லிக்கொண்டு போங்கள், நிற்காதீர்கள். முடிந்த பிறகு அந்தச் சொல்லை மட்டும் தேடிப் பாருங்கள்.

முழங்காவிலிலிருந்து: ஒரு நாளைக்கு எத்தனை சொல் படிக்கலாம்?

முதல் பதிலை வாசியுங்கள்.

துணுக்காயிலிருந்து ஒரு அம்மா: மகளிடம் கனடா போகிறேன். ஐம்பத்தாறு வயது. இனிமேல் ஆங்கிலம் ஏறுமா?

ஏறும் அம்மா. உச்சரிப்பைத் திருத்துவதுதான் வயது போனால் கடினம். சொல் சேர்ப்பதற்கு வயதெல்லை கிடையாது. பேரப்பிள்ளையோடு கதைக்கத் தேவையான வசனங்களை முதலில் பிடியுங்கள்: சாப்பிட்டாயா, குளிர்கிறதா, இங்கே வா. அவர்கள் பதில் சொல்லும்போது அடுத்த சொற்கள் தானாகக் கிடைக்கும். பேரப்பிள்ளை திருத்தினால் வெட்கப்பட வேண்டாம்.

செட்டிகுளத்திலிருந்து: அரச வேலை கிடைத்திருக்கிறது. சிங்களம் எப்படிப் படிப்பது?

அது என் துறை இல்லை தம்பி. அரசகரும மொழிகள் திணைக்களம் வகுப்பும் சோதனையும் நடத்துகிறது, அங்கே விசாரியுங்கள். மட்டைப் பெட்டி எந்த மொழிக்கும் வேலை செய்யும்.

உடையார்கட்டிலிருந்து: ரீச்சர், கெதியாகப் பாடமாக்க மருந்து, குளிசை ஏதும் இருக்கிறதா? கடையில் ஒன்று விற்கிறார்கள்.

நித்திரை கொள்ளுங்கள். மற்றதை வைத்தியரிடம் கேளுங்கள், கடைக்காரரிடம் இல்லை.

வற்றாப்பளையிலிருந்து ஒரு தங்கை: ஏ1 சித்தியடைந்துவிட்டேன். விசா இன்னும் வரவில்லை. மாதக்கணக்காகக் காத்திருக்கிறேன், படித்த சொல் எல்லாம் போய்க்கொண்டிருக்கிறது.

இது கனக்கப் பேருக்கு நடக்கிறது. சோதனை முடிந்த அன்றே பெட்டியை அலுமாரிக்கு மேல் போட்டுவிடுகிறார்கள். கீழே இறக்குங்கள். எல்லா மட்டையையும் ஒரு தரம் சோதியுங்கள், வந்தது ஐந்தாம் தட்டுக்கு, வராதது முதல் தட்டுக்கு. நீங்கள் நினைப்பதைவிடக் கூட மிஞ்சியிருக்கும், போனதும் முதல் தரத்தைவிட வேகமாகத் திரும்பும். அதோடு ஏ2 சொற்களில் நாளுக்கு ஐந்து சேருங்கள்.

அவரோடு தினமும் போனில் கதைப்பீர்கள்தானே. முதல் பத்து நிமிடம் ஜேர்மனில் மட்டும் கதைக்க வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். இன்று என்ன சமைத்தீர்கள், அங்கே மழையா, வேலை எத்தனை மணிக்கு முடிந்தது. அவர் உங்கள் உச்சரிப்புக்குச் சிரித்தால் போனை வைத்துவிட்டு, அடுத்த நாள் அதே நேரத்துக்குத் திரும்ப எடுங்கள்.