டூப் பேண்ட்ட போட்டோ எடுக்குறதுல அப்படி என்ன இருக்கு?

பீட்டில்ஸ்னு 1960கள்ல லிவர்பூல்லேர்ந்து வந்து உலகத்தயே கலக்குன பாட்டு பேண்ட், அவங்க மாதிரியே வேஷம் போட்டு வாசிக்கிற டூப் பேண்டுகளத்தான் நான் போட்டோ எடுக்குறேன். "ஒரிஜினல் பீட்டில்ஸ் இல்ல, விக்கு வச்ச ஆளுங்க, அத எதுக்கு இவ்ளோ மெனக்கெட்டு எடுக்குறீங்க"ன்னு கேட்டிருக்கீங்க. எங்க வீட்லயும் இதே கேள்விதான் :)

நான் இருக்கறது லிவர்பூல் பக்கம். பொழப்பு வேற, கேமரா சும்மா ஆசைக்கு. மேத்யூ ஸ்ட்ரீட்ல இருக்க கேவர்ன் கிளப்புக்குத்தான் அடிக்கடி போவேன். 1957 ஜனவரில ஜாஸ் கிளப்பா தொறந்த இடம், பீட்டில்ஸ் இங்க 1961லேர்ந்து 63 ஆகஸ்ட் வரைக்கும் கிட்டத்தட்ட 292 தடவ வாசிச்சிருக்காங்கன்னு கணக்கு சொல்றாங்க. ஆனா ஒண்ணு, நீங்க இப்ப படி எறங்கி போற நிலவறை அவங்க வாசிச்ச அதே நிலவறை கெடையாது. 1973ல ரயில் சுரங்கத்துக்கு காத்துப்போக்கி கட்டணும்னு மூடி, இடிச்சு, மண்ணப் போட்டு நெரப்பிட்டாங்க, கடைசில அந்த காத்துப்போக்கியும் கட்டல. 1984ல பழைய செங்கல்லயே நெறையத்த எடுத்து திரும்ப கட்டுனதுதான் இப்ப இருக்கறது. ஆக பேண்டும் டூப்பு, எடமும் பாதி டூப்பு. இது தெரிஞ்சப்புறம்தான் எனக்கு எடுக்குறதுலயே சுவாரஸ்யம் வந்துச்சு.

மொதல்ல நானும் எல்லாரையும் மாதிரி 1963 மாதிரியே காட்டணும்னு கறுப்பு வெள்ளைல போட்டு, கூட்டத்துல தூக்கிப் பிடிச்ச போனெல்லாம் க்ராப் பண்ணி தூக்கிட்டு இருந்தேன். பாத்தா பழைய படத்துக்கு மட்டமான ஜெராக்ஸ் மாதிரி இருந்துச்சு. இப்ப போனையும் சேத்தே ஃப்ரேம் வைக்கிறேன்.

எடுக்கறது லேசு இல்ல. கூரை தாழ்வான செங்கல் வளைவு, மேடைக்கும் நமக்கும் எடவெளியே இல்ல, அதனால பெரிய ஜூம் வேஸ்டு, 35 எம்எம் எஃப் 1.8 லென்ஸ் ஒண்ணு போதும். ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கு கேமராவோட உணர்திறன்) 3200, ஷட்டர் 1/200 செகண்ட், அதுலயும் டிரம்மர் கை கலங்கும், கலங்கட்டும். செவப்பு எல்ஈடிதான் பெரிய தலைவலி, மூஞ்சி பூரா தக்காளி மாதிரி ஆகி ஒரு டீடெயிலும் இருக்காது, ஒரு ஸ்டாப் கொறச்சு (அதாவது வெளிச்சத்த பாதியாக்கி) RAW ஃபார்மேட்டுல எடுங்க, ஹிஸ்டோகிராம்ல (படத்தோட வெளிச்சத்த காட்டுற வரைபடம்) செவப்ப மட்டும் தனியா பாருங்க. சைலண்ட் (எலக்ட்ரானிக்) ஷட்டர் போட்டா எல்ஈடி லைட்டுக்கு படத்துல பட்ட பட்டயா கோடு விழும், மெக்கானிக்கல்தான் சேஃப். டிசம்பர்ல ஒரு தடவ வெளிய குளிர்லேர்ந்து நேரா உள்ள போயி மூடிய கழட்டுனேன், லென்ஸ் பூரா ஆவி, மொத நாலு பாட்டு அம்போ. ஃப்ளாஷ மட்டும் தொடாதீங்க, வாசிக்கிறவங்க கண்ணு கூசும். பெரிய கேமரான்னா கிளப்லயும் பேண்ட்லயும் முன்னாடியே ஒரு வார்த்த கேட்டுருங்க.

எங்க நிக்கணும்னா, எல்லாரும் ஜான் லெனன் வேஷக்காரர் பக்கம் முண்டுவாங்க, நான் பால் மெக்கார்ட்னி, ஜார்ஜ் ஹாரிசன் வேஷக்காரங்க ரெண்டு பேரும் ஒரே மைக்குக்கு வர்ற எடத்துக்கு நேரா நிப்பேன். பால் மெக்கார்ட்னி எடது கைக்காரர், அதனால அவர் பேஸ் கிட்டாரோட கழுத்து ஒரு பக்கமும் ஜார்ஜோட கிட்டார் கழுத்து இன்னொரு பக்கமும் நீட்டிக்கிட்டு இருக்கும், ரெண்டு பேரும் இடிச்சுக்காம ஒரே மைக்குல பாட முடிஞ்சதே அதனாலதான், படத்துக்கும் ரெக்க விரிச்ச மாதிரி அப்படி ஒரு அமைப்பு. இதுக்காகவே பால் வேஷம் போடறவங்கள்ல சிலர் சொந்தமா வலது கைக்காரரா இருந்தாலும் எடது கைல வாசிக்கக் கத்துக்கிறாங்க. யோசிச்சு பாருங்க, இருபது முப்பது வருஷப் பழக்கத்த விட்டுட்டு மொதல்லேர்ந்து!

எனக்கு ரொம்ப புடிச்ச படம் பாட்டு நடக்கறப்ப எடுத்ததே இல்ல. செட் முடிஞ்சு ஒரு பாட்டி போஸ்டர நீட்டி கையெழுத்து கேட்டாங்க, அதுவரைக்கும் எடது கைல பேஸ் வாசிச்ச "பால்" பேனாவ வலது கைல வாங்குனாரு. கோட்டு நனஞ்சு போயிருக்கு, விக்கு ஒரு பக்கம் லேசா தூக்கியிருக்கு, பாட்டி மட்டும் ஒரிஜினலயே பாத்த மாதிரி சிரிக்கிறாங்க. ஷட்டர் 1/60ல எடுத்தது, கொஞ்சம் ஷேக்கு. அதுக்கு பிரிண்ட் போட்டு ஹால்ல மாட்டியிருக்கேன்.