பித்த உப்பு கல்லீரலையே ஏன் கரைப்பதில்லை?

பித்தநீரில் இருந்துகொண்டு, அரிசிம்பருப்பில் ஊற்றிய நெய்யைக் குடலில் கரைக்கும் பித்த உப்பு, அதைத் தயாரிக்கும் கல்லீரல் செல்லை எப்படி விட்டுவைக்கிறது என்று கேட்டிருக்கீங்க.

அது சும்மா விடாதுங்க. செல்லின் சவ்வும் கொழுப்புதான். அளவு மீறினால் கரைத்துவிடும். அதனால் பி.எஸ்.இ.பி. என்ற புரதப் பம்பு, செல்லின் எரிபொருளான ஏ.டி.பி.யைச் செலவழித்து, பித்த உப்பைப் பக்கத்திலுள்ள பித்த நுண்குழாய்க்குள் உடனுக்குடன் தள்ளுகிறது.

குழாய்ச் சுவரை அரிக்காதா? இங்கேதான் அருமையான வேலை நடக்கிறது. எம்.டி.ஆர்.3 என்ற புரதம், சவ்வின் உள்ளடுக்கில் இருக்கும் லெசித்தின் என்ற கொழுப்பை வெளியடுக்குக்குப் புரட்டிவிடும். பித்த உப்பு அதோடும் கொலஸ்ட்ராலோடும் ஒட்டி நுண்ணுருண்டையாகிவிடும். எண்ணெயை ஏற்கெனவே பிடித்துக்கொண்ட பூந்திக்கொட்டை நுரை அடுத்த பாத்திரத்தை விளக்காதே, அந்தக் கதைதான். பெரிய குழாய்களில் பைகார்பனேட் சுரந்து, பித்த உப்பைச் செல்லுக்குள் நுழைய முடியாத அயனி வடிவிலேயே வைத்திருக்கும்.

குடலுக்குப் போனதில் சுமார் 95% கல்லீரலுக்கே திரும்பிவரும். வரவு கூடினால் எஃப்.எக்ஸ்.ஆர். என்ற உணரி புது உற்பத்தியையும் ரத்தத்திலிருந்து உள்ளிழுப்பதையும் குறைத்து, பம்பைக் கூட்டும். அப்படியும் தேங்கினால் ரத்தத்தின் பக்கம் வேறு வாசல்கள் திறந்து, மிச்சம் சிறுநீரில் போகும்.

எம்.டி.ஆர்.3 மரபிலேயே பழுதானால் லெசித்தின் இல்லாத பித்தம் குழாயைப் புண்ணாக்கும். கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில் ராத்திரியில் உள்ளங்கை, உள்ளங்கால் அரித்தால் 'சூடு' என்று இளநீரோடு நிறுத்திவிடாதீங்க. பித்த உப்பு தேங்கி ரத்தத்தில் ஏறியிருக்கலாம்; ரத்தத்தில் பித்த அமில அளவு (பித்த உப்புதான்) பார்க்கணும். அது லிட்டருக்கு 100 மைக்ரோமோலைத் தாண்டினால் குழந்தைக்கு ஆபத்து கூடும். பித்தக் குழாயைக் கல் அடைத்ததால் வந்த மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி அரைத்துக் குடித்தால் கல் நகராதுங்க.