தண்ணி பாட்டில் ஒழுகி கினிபிக் கூண்டு நனையுதா? முதல்ல பாட்டிலுக்குள்ள இருக்கிற காத்தைப் பாருங்க

ஒரு வாசகி கேட்டிருக்காங்க: "என்கிட்ட ரெண்டு கினிபிக் இருக்கு. மரக் கூண்டு, வெளியில காலை வெயில் படுற பக்கமா வெச்சிருக்கேன். 500 மில்லி தண்ணி பாட்டில் கூண்டுக் கதவுல மாட்டியிருக்கேன், ஆனா தினமும் காலைல பாத்தா கீழ இருக்கிற பெட்டிங் சொதசொதன்னு கிடக்கு. இது மூணாவது பாட்டில், இதுவும் ஒழுகுது. மரத்துல வாடை வேற வர ஆரம்பிச்சிடுச்சு. ராத்திரி பாட்டிலைக் கழட்டி வெச்சிட்டு பகல்ல மட்டும் தண்ணி கொடுக்கலாமா?"

கடைசி கேள்விக்கு முதல்ல பதில் சொல்லிடுறேன். வேண்டாங்க, தயவுசெஞ்சு கழட்டாதீங்க. கினிபிக் ராத்திரி முழுக்க தூங்குற ஜீவன் இல்ல, குட்டிக் குட்டித் தூக்கம் போட்டுட்டு எழுந்து எழுந்து புல்லு தின்னும், உடனே தண்ணி தேடும். காய்ஞ்ச புல்லுதான் அதோட பிரதான சாப்பாடு, தண்ணி கிடைக்கலன்னா சாப்பாட்டைக் குறைச்சிடும், சாப்பாடு குறைஞ்சா குடல் ஓட்டம் நின்னு போற அளவுக்குப் போகலாம், மூத்திரம் கெட்டியாகி கல்லு வர்றதுக்கும் வழி ஆகும். ஈரம் ஒரு பிரச்சனைதான், ஆனா தண்ணி இல்லாத ராத்திரி அதைவிடப் பெரிய பிரச்சனை.

இப்போ பாட்டிலுக்கு வருவோம். மூணு பாட்டில் மாத்தியும் ஒழுகுதுன்னா தப்பு பாட்டில்ல இருக்கிற வாய்ப்பு கம்மி. தலைகீழா தொங்குற இந்த பாட்டில்ல தண்ணி கீழ கொட்டாம நிக்கிறதுக்குக் காரணம் குழாய் நுனியில உருளுற சின்ன உலோகக் குண்டு மட்டும் இல்ல, மேல மாட்டிக்கிட்டு இருக்கிற காத்துதான். கொஞ்சம் தண்ணி வெளிய போனதும் உள்ள இருக்கிற காத்தோட அழுத்தம் வெளிக்காத்தைவிடக் குறையும், அந்த வித்தியாசம்தான் தண்ணியைப் பிடிச்சு வெச்சிருக்கு. கினிபிக் நாக்கால குண்டைத் தள்ளும்போது ஒரு குமிழி 'க்ளக்'னு மேல போகும் பாருங்க, அவ்வளவு காத்து உள்ள வந்தாதான் அவ்வளவு தண்ணி வெளிய வரும்.

அந்தக் காத்து சூடானா என்ன ஆகும்? விரியும், விரிஞ்சு தண்ணியைக் கீழ தள்ளும். பாட்டில்ல 300 மில்லி காத்து இருக்குன்னு வெச்சுக்குங்க, விடிகாலைல 25 டிகிரி, வெயில் பட்டு 35 டிகிரி ஆச்சுன்னா காத்து விரியுறதுல மட்டுமே சுமார் 10 மில்லி வெளிய வந்துடும், யாரும் குண்டைத் தொட வேண்டியதே இல்ல. 10 மில்லின்னா ரெண்டு டீஸ்பூன், ஒரே இடத்துல தினமும் விழுந்தா பெட்டிங் சொதசொதன்னுதான் ஆகும். அதனாலதான் உங்களுக்கு காலைல ஈரம் தெரியுது. பாட்டில் எவ்வளவு காலியோ அவ்வளவு ஒழுகும், ஏன்னா காத்து அதிகம். ஆகவே சாயங்காலமே ஒருதடவை கழுவி கழுத்து வரைக்கும் நிரப்பி மாட்டுங்க, வெயில் படாத பக்கமா மாத்துங்க, முடியலன்னா பாட்டிலுக்கு ஒரு துணி உறையாவது போடுங்க. இந்த மாற்றம் மட்டுமே பாதி ஒழுகலை நிறுத்திடும்னு நான் நம்பிச் சொல்வேன்.

இன்னொண்ணு, பாட்டிலைக் கூண்டுக்கு மேலயே வெச்சுக் கவுக்காதீங்க. கவுத்த உடனே கொஞ்சம் சொட்டத்தான் செய்யும், உள்ள அழுத்தம் குறைஞ்சு செட் ஆகுற வரைக்கும். சிங்க்ல கவுத்துப் பிடிச்சு, விரலால குண்டை நாலஞ்சு தடவை தட்டி, சொட்டு நின்னதும் எடுத்துட்டுப் போய் மாட்டுங்க. ரெண்டு மூணு நிமிஷம் ஆகியும் நிக்கலன்னா அப்பதான் பாட்டில்ல சந்தேகப்படணும். மூடிக்குள்ள இருக்கிற ரப்பர் வாஷர் கோணலா உக்காந்திருக்கா, மூடி மரை ஏறாம சாய்ஞ்சு மாட்டியிருக்கா, பாட்டில்ல மயிரிழை விரிசல் இருக்கா, இதெல்லாம் பாருங்க. வாஷர் இல்லாம எவ்வளவு இறுக்கினாலும் காத்து உள்ள போயிடும், காத்து போனா தண்ணி நிக்காது.

குழாயோட நுனியை ஒருதடவை நல்ல வெளிச்சத்துல பாருங்க. பச்சையா ஒரு பசை, அதுல புல்லுத் துணுக்கு ஒட்டிக்கிட்டு இருக்கும். கினிபிக்குக்கு ஒரு பழக்கம், வாயில மென்னுக்கிட்டே வந்து தண்ணி குடிக்கும், அந்த மென்ன சாப்பாடு குழாய்க்குள்ள போய் குண்டைச் சுத்திப் படியும். குண்டு சரியா உக்காராம ஒரு முடி அளவு இடைவெளி விட்டாலே ராத்திரி முழுக்க சொட்டும். அதே அழுக்கு குண்டை இறுக்கிப் பிடிச்சுட்டா சொட்டே வராது, பாட்டில் நிறைய தண்ணி இருக்கும், கூண்டு காய்ஞ்சு அழகா இருக்கும், உள்ள பிள்ளைங்க தாகத்துல இருக்கும். எனக்கு ஒழுகுற பாட்டிலைவிட இந்த அடைச்ச பாட்டில்தான் ரொம்ப பயம். அதனால தினமும் குண்டை விரலால தொட்டு விரல் நனையுதான்னு பாத்தே ஆகணும். குழாய்க்குள்ள போற மாதிரி சின்ன பிரஷ் வெச்சு தினமும் ஒரு இழுப்பு இழுங்க, வெள்ளையா உப்புப் படிஞ்சிருந்தா வினிகர் கலந்த தண்ணியில ஊற வெச்சு நல்லா அலசிடுங்க.

மாட்டுற இடமும் முக்கியம். கதவுல மாட்டியிருக்கீங்க, கதவு ஆடும், ஒவ்வொரு ஆட்டத்துக்கும் குண்டு அசையும், ஒரு சொட்டு விழும். அசையாத மரச் சட்டத்துல மாட்டுங்க. குழாய் நுனி கினிபிக்கோட முதுகு உயரத்துல, அது தலையை லேசாத் தூக்கிக் குடிக்கிற மாதிரி இருக்கட்டும். பெட்டிங்கோ புல்லோ நுனியைத் தொடவே கூடாது. ஒரே ஒரு புல்லு குண்டுல சாய்ஞ்சு நின்னா போதும், விளக்குத் திரி எண்ணெயை இழுக்கிற மாதிரி மொத்தத் தண்ணியையும் கீழ இறக்கிடும். புல்லுத் தட்டு ஒரு மூலையில, பாட்டில் எதிர் மூலையில, தூங்குற இடம் ரெண்டுக்கும் தள்ளி.

இவ்வளவும் செஞ்சாலும் கொஞ்சம் சொட்டும்ங்க, குண்டு வெச்ச பாட்டில்ல அப்பப்ப ஒரு சொட்டு வராத பாட்டிலை நான் பாத்ததில்ல. அதனால கீழ விழுற தண்ணி பெட்டிங்குக்குப் போகாத மாதிரி ஏற்பாடு பண்ணிடுங்க. நுனிக்கு நேர் கீழ கனமான, கவுக்க முடியாத ஒரு சின்ன பீங்கான் கிண்ணம் வைங்க, சொட்டு அதுல விழட்டும், அதுலயும் கினிபிக் குடிக்கும், தினமும் மாத்திடுங்க. கிண்ணத்தைச் சுத்தி ஒரு ஆழமில்லாத தட்டு, அதுல ரசாயனம் எதுவும் சேக்காத மரத்தூள் பெல்லட். அது நனைஞ்சா உப்பி உதிர்ந்து தூளாகும், அதனால எவ்வளவு ஒழுகியிருக்குன்னு கண்ணாலயே தெரிஞ்சுடும், அந்தத் தூளை மட்டும் அள்ளிப் போட்டுட்டு புதுசு போடலாம். பூனையோட கழிவுத் தட்டுல போடுற, நனைஞ்சா கட்டி ஆகுற மணல் (கேட் லிட்டர்) மட்டும் வேண்டவே வேண்டாம், தின்னுட்டா வயித்துக்குள்ள கட்டியாகிடும். ஈரம் வடியட்டும்னு கம்பி வலை மேல நிக்க வைக்கிறதும் வேண்டாம், அதோட பாதம் ரொம்ப மெல்லிசு.

மரத்துல வாடை வருதுன்னா தண்ணியும் மூத்திரமும் உள்ள ஊறிடுச்சுன்னு அர்த்தம். பிள்ளைங்களை வேற இடத்துக்கு மாத்திட்டு, வினிகர் தண்ணியில தேய்ச்சுக் கழுவி, முழுசா காயுற வரைக்கும் வெயில்ல போடுங்க, அரைகுறையா காய்ஞ்ச மரத்துல பெட்டிங் போட்டா அடியில பூஞ்சை பிடிச்சிடும். அப்புறம் தரைக்கு வினைல் ஷீட் ஒட்டி, ஓரத்தை சுவர்ல ஒரு 5 சென்டிமீட்டர் ஏத்தி, விளிம்பு மேல மரப்பட்டி அடிச்சிடுங்க, இல்லன்னா விளிம்பைக் கடிச்சுத் தின்னும்.

ரெண்டு கினிபிக்கையும் தூக்கி பாதத்தைத் திருப்பிப் பாருங்க, இதை இன்னைக்கே செய்யுங்க. நல்ல பாதம் வழுவழுன்னு, தோல் முழுசா இருக்கும். செவந்து பளபளன்னு இருந்தாலோ, வீங்கியிருந்தாலோ, நடுவுல கருப்பா பொருக்கு இருந்தாலோ, ஈரத்துல நின்னு நின்னு வர்ற பாதப் புண் அது, பொருக்கைப் பிய்க்காம டாக்டர்கிட்ட காட்டுங்க. பின்பக்க முடி ஈரமா அழுக்கா இருந்தா வெயில் காலத்துல ஈ முட்டை வெச்சு ஒரே நாளுக்குள்ள புழு வந்துடலாம், அது உயிருக்கே ஆபத்து, காத்திருக்காம உடனே கூட்டிட்டுப் போகணும்.

கடைசியா, பாட்டில்ல தண்ணி மட்டத்துக்கு ஒரு மார்க்கர் கோடு போட்டு, நாளைக்கு அதே நேரம் எவ்வளவு குறைஞ்சிருக்குன்னு பாருங்க. ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு சுமார் 100 மில்லி குடிக்கும், ஈரமான காய்கறி நிறைய தின்னா அதைவிடக் கம்மி. உங்க ரெண்டும் சேந்து 200 மில்லி பக்கம் குடிக்கலாம். 400 குறைஞ்சு, பாட்டிலுக்குக் கீழ வெச்ச பெல்லட் தட்டும் நனைஞ்சிருந்தா ஒழுகல். 400 குறைஞ்சு தட்டு காய்ஞ்சே இருந்து, வேற மூலைங்க எல்லாம் ஈரமா இருந்தா அது பாட்டில் தண்ணி இல்ல, மூத்திரம், ஏதோ ஒண்ணு அளவுக்கு மீறிக் குடிக்குது. ரெண்டையும் ரெண்டு நாள் தனித்தனியா வெச்சு எதுன்னு கண்டுபிடிச்சு டாக்டர்கிட்ட அந்த அளவைச் சொல்லுங்க.