நாட்டுக் குறியீடுகள்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: ஜெர்மனிக்கு டி.இ., டி.இ.யு., 276 என்று மூன்று குறியீடுகள் இருக்கின்றன. தரவுத்தளத்தில் எதைப் பதிவது?

பதில்: மூன்றுமே ஐ.எஸ்.ஓ. 3166 என்ற, நாட்டுக் குறியீடுகளுக்கான பன்னாட்டுத் தரநிலையின் முதல் பகுதியில் உள்ளவைதான். முதலில் 1974-இல் வெளிவந்த இதில் இன்று 249 நாடுகளும் ஆட்சிப் பகுதிகளும் இடம்பெற்றுள்ளன. அன்றாட வேலைக்கு ஈரெழுத்துக் குறியீடு போதும். ஆட்கள் கண்ணால் படிக்கும் அட்டவணை என்றால் மூவெழுத்து நல்லது, பார்த்ததும் நாடு பிடிபடும்.

எண் குறியீட்டைத்தான் பலரும் ஒதுக்கிவிடுகிறார்கள். அது பெரிய இழப்பு. எழுத்து, நாட்டின் பெயரைச் சார்ந்தது, ஐ.நா. புள்ளியியல் பிரிவு தரும் எண்ணோ நிலப்பரப்பைச் சார்ந்தது. 1989-இல் பர்மா மியான்மர் ஆனபோது பி.யு. போய் எம்.எம். வந்தது, 104 என்ற எண் அப்படியே நின்றது. 1993-இல் எரித்ரியா பிரிந்தபோது எத்தியோப்பியாவின் இ.டி. மாறவில்லை, எண் மட்டும் 230-இலிருந்து 231 ஆனது. ஜெர்மனியையே பாருங்கள்: மேற்கு 280, கிழக்கு 278, இணைந்த பிறகு 276. ஆனால் டி.இ. என்பது மேற்குக்கும் அதுதான், இணைந்த நாட்டுக்கும் அதுதான். பல ஆண்டு மக்கள்தொகையை டி.இ. என்ற ஒரே பெயரில் கோத்தால் 1990-இல் திடீரென்று ஒரு எகிறல் தெரியும். அது பிறப்பு விகிதம் அல்ல, எல்லை மாற்றம். ஆகவே பல ஆண்டுத் தரவு வைத்திருப்பவர்கள் எண்ணையும் சேர்த்தே பதியுங்கள்.

பெயர் மாறினால் எழுத்தும் மாறியே தீரும் என்று எண்ணிவிட வேண்டாம். 2018-இல் ஸ்வாசிலாந்து எஸ்வாத்தினி ஆனது, எஸ்.இசட். இன்றும் இருக்கிறது.

கேள்வி: கோப்பை ஏற்றினால் நமீபியா மட்டும் காணாமல் போகிறது. ஏன்?

பதில்: நமீபியாவின் குறியீடு என்.ஏ. பைத்தான் நிரல்மொழியில் தரவைக் கையாளும் பாண்டாஸ் நூலகமும், ஆர் என்ற நிரல்மொழியும் அந்த இரண்டெழுத்தைக் கண்டால் ‘மதிப்பு இல்லை’ என்று எடுத்துக்கொண்டு கட்டத்தைக் காலியாக்கிவிடும். கோப்பை வாசிக்கும்போதே அந்த இயல்பு அமைப்பை அணைத்துவிட்டு, வெற்றுக் கட்டத்தை மட்டும் ‘மதிப்பு இல்லை’ என்று கொள்ளச் சொல்லுங்கள். நார்வேக்கும் இதே கதிதான். அதன் என்.ஓ. என்ற குறியீட்டை மேற்கோள்குறி இல்லாமல் எழுதினால், யாமல் 1.1 (நிரல்களின் அமைப்புகளை எழுதும் ஒரு கோப்பு வடிவம்) அதை ‘இல்லை’ என்ற விடையாகப் படித்துவிடும்.

எக்செல் செய்யும் கோளாறு வேறு. ஆப்கானிஸ்தானின் 004 வெறும் 4 ஆகிவிடும், ஆஸ்திரேலியாவின் 036 வெறும் 36. கோப்பை இரட்டைச் சொடுக்கில் திறக்காமல் தரவு இறக்குமதி வழியே கொண்டுவந்து, அந்த நெடுவரிசையின் வகையை ‘உரை’ என்று மாற்றிய பிறகு ஏற்றுங்கள். பூஜ்யம் ஏற்கெனவே போயிருந்தால், மூன்று இலக்கம் வரும்வரை முன்னால் பூஜ்யம் சேர்த்தால் போதும். எண் குறியீடு எப்போதும் மூன்று இலக்கம்தான்.

கேள்வி: ஜி.ஏ. என்றால் ஜார்ஜியாதானே?

பதில்: தனியாக நின்றால் அது கபோன். ஜார்ஜியா நாட்டுக்கு ஜி.இ.; அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்துக்கு யு.எஸ்-ஜி.ஏ. மாநில, மாகாணக் குறியீடுகள் தரநிலையின் இரண்டாம் பகுதியில் வருகின்றன: நாட்டின் ஈரெழுத்து, சிறுகோடு, அதன்பின் ஒன்று முதல் மூன்று எழுத்தோ எண்ணோ. டோக்கியோ, ஜே.பி-13. அதிகபட்சம் ஆறு இடம் என்பதால் நெடுவரிசையை ஆறெழுத்து அகலத்தில் வையுங்கள். இடத்தை மிச்சப்படுத்துவதாக நினைத்துச் சிறுகோட்டுக்கு முன்னுள்ளதை வெட்டினால் டெலவேர் மாநிலம் ஜெர்மனியாகிவிடும், இந்தியானா இந்தியாவாகிவிடும்.

இன்னொன்றும் கவனியுங்கள். புவேர்ட்டோ ரிக்கோவுக்குப் பி.ஆர். என்ற தனிக் குறியீடும் உண்டு, யு.எஸ்-பி.ஆர். என்ற உட்பிரிவுக் குறியீடும் உண்டு. இரண்டில் ஒன்றை முடிவுசெய்துகொள்ளாவிட்டால் கூட்டுத்தொகையில் அது இரண்டு முறை ஏறும்.

கேள்வி: பிரிட்டனுக்கு யு.கே. எழுதலாமா?

பதில்: ஜி.பி. என்றே எழுதுங்கள். யு.கே. வேறு நாட்டுக்குப் போய்விடாதபடி ஒதுக்கிவைக்கப்பட்டது, அவ்வளவே. மொழிக் குறியீடுகளில் யு.கே. என்பது உக்ரேனிய மொழி. உக்ரைன் நாட்டுக்கோ யு.ஏ.

கேள்வி: பட்டியலில் இல்லாத பகுதிக்கு நாங்களே குறியீடு உருவாக்கலாமா?

பதில்: உருவாக்கலாம், ஆனால் அதற்கென விடப்பட்ட இடத்தில் மட்டும்: ஏ.ஏ., க்யூ.எம். முதல் க்யூ.இசட். வரை, எக்ஸ்.ஏ. முதல் எக்ஸ்.இசட். வரை, இசட்.இசட். கொசோவோவுக்குப் பலரும் எழுதும் எக்ஸ்.கே. இந்த வகைதான். எதிர்முனையில் இருப்பவரும் அதே பொருளில்தான் படிக்கிறாரா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

காலியாகக் கிடக்கிறதே என்று பழைய குறியீட்டை எடுத்துவிடாதீர்கள். சி.எஸ். என்பது செக்கோஸ்லோவாக்கியாவாக இருந்து, 2003-இல் செர்பியா-மாண்டினீக்ரோவுக்குத் தரப்பட்டது. பழைய ஆவணங்களில் இன்றும் குழப்பம் தீரவில்லை. மறைந்த நாடுகளுக்கான மூன்றாம் பகுதி நான்கெழுத்தில் இவற்றைப் பிரித்துக் காட்டுகிறது: முன்னதற்கு சி.எஸ்.எச்.எச்., பின்னதற்கு சி.எஸ்.எக்ஸ்.எக்ஸ். பழைய கோப்பில் சி.எஸ். கண்டால் முதலில் ஆண்டைப் பார்த்துவிட்டு, இந்த நான்கெழுத்தில் உரியதைப் பதியுங்கள்.