பாரசீகச் சராய்கள்: ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

ஈரானின் கேரவன்சராய்களில், அதாவது வணிகக் கூட்டங்கள் வழியில் தங்கிய பழைய சத்திரங்களில், 54-ஐ யுனெஸ்கோ 2023-ல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது பற்றி எழுதியிருந்தீர்கள். படங்களைத் தேடிப் பார்த்தேன். வெளியே மொட்டைச் சுவர், உள்ளே ஒரு முற்றம். எல்லாம் ஒன்றுபோலவே இருக்கின்றன. இஸ்ஃபஹான் மசூதிகளின் நீல ஓடுகளுக்கு முன்னால் இவை எம்மாத்திரம்? ஒன்றிரண்டைக் காப்பாற்றினால் போதாதா?

க.

அன்புள்ள க.,

போதாது. மசூதியைப் பார்க்கிற கண்ணோடு சராயைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. பொதியேற்றிய ஒட்டகங்களோடு மாலையில் வந்து சேர்கிறவராகப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே வாசல்தான். சுமையோடு ஒட்டகம் நுழையும் அளவுக்கு உயரமானது. அதைச் சாத்திவிட்டால் கொள்ளையர் உள்ளே வர வேறு வழி கிடையாது. சுவர் மொட்டையாக இருப்பது அதற்காகத்தான். முற்றத்தைச் சுற்றி, திண்ணைபோல உயர்த்திய மேடைமேல் அறைகள். விலங்குகள் அங்கே ஏறி வராது. அறைகளுக்குப் பின்னால் நீண்ட லாயங்கள், அவற்றுக்கு வழி பெரும்பாலும் முற்றத்தின் மூலைகளில். நான்கு பக்கமும் நடுவில் ‘இவான்’ என்னும் வளைவு மண்டபம். வெயில் எந்தப் பக்கம் நகர்ந்தாலும் உட்கார நிழல் உண்டு.

எல்லாம் ஒன்றுபோல என்பதும் சரியல்ல. யஸ்து நகரத்துக்குத் தெற்கே, பாரசீக மன்னர் ஷா அப்பாஸ் காலத்து ஸைனுத்தீன் சராய் வட்ட வடிவம். அழகு வேலைப்பாடுதான் வேண்டுமென்றால் வடகிழக்கே குராசான் பகுதியில் உள்ள ரிபாத்-இ-ஷரஃப் சராயைப் பாருங்கள். 12-ம் நூற்றாண்டுக் கட்டடம், இரண்டு முற்றங்கள், செங்கல் அடுக்கிலேயே போட்ட கோலங்கள்.

அப்புறம், தனியாக நிற்கும் சராய்க்குப் பொருளே இல்லை. ஒருநாள் நடைத் தூரத்துக்கு, ஏறக்குறைய 30, 40 கிலோமீட்டருக்கு ஒன்று என்று இருந்தால்தான் பாலையைக் கடக்க முடியும். ஒன்றில் தண்ணீர் வற்றினால் அந்த வழியே ஆபத்தாகிவிடும். அதனால்தான் நிலத்தடிக் கால்வாய்களும் குவிமாடம் மூடிய நீர்த்தொட்டிகளும் கட்டடத்தைப் போலவே முக்கியம். ஷா அப்பாஸ் 999 சராய்கள் கட்டினார் என்று அங்கே சொல்வார்கள். அது எண்ணிப் பார்த்த கணக்கு அல்ல. ஆனாலும் வழி முழுக்க அவை இருந்தன என்ற நினைவு அதில் இருக்கிறது. ஒன்றிரண்டை மட்டும் வைத்துக்கொண்டால் அந்த வழி அழிந்துபோகும்.

இஸ்ஃபஹானில், பிற்கால மன்னர் சுல்தான் ஹுசைன் காலத்துச் சராய் ஒன்று, பக்கத்து மதரஸாவின் செலவுக்கு வருமானம் தருவதற்காகக் கட்டப்பட்டது. இன்று அது அப்பாஸி ஹோட்டல். ஸைனுத்தீனிலும் பயணிகள் தங்கியிருக்கிறார்கள். இப்படி மாற்றுவதைச் சிலர் குறை சொல்வார்கள். எனக்கு அது சரியென்றே படுகிறது: ஆள் படுத்து எழுகிற கட்டடத்தில் கூரை ஒழுகினால் மறுநாளே தெரிந்துவிடும். லாரிகள் வந்தபின் கைவிடப்பட்டு, பட்டியலிலும் இடம்பெறாமல் நிற்கிற சராய்களைப் பற்றித்தான் என் கவலையெல்லாம்.