கோல்ஃப் மைதானத்தில் காட்டுப்பூவும் தேனீயும்: கேட்டவர்களுக்குப் பதில்

கோல்ஃப் மைதானப் புல்லோடு பதினாறு வருடமாகப் பழகுகிறேன். அதில் ஒன்பது வருடம் ரஃப் ஓரங்களில், அதாவது ஆட்டப் பாதைக்கு வெளியே புல்லை உயரமாக விட்டிருக்கும் இடங்களில், காட்டுப்பூ வளர்த்திருக்கிறேன். கேள்விகளை அனுப்பச் சொன்னதும் நிறைய வந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டுப் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: அண்ணா, கோல்ஃப் மைதானம் முழுக்க ஒட்ட வெட்டிய புல்தானே? அதில் காட்டுப்பூவுக்கு எங்கே இடம்?

பதில்: நிறையவே இருக்கிறது. அமெரிக்காவில் எடுத்த கணக்குப்படி 18 குழி மைதானம் ஒன்று சராசரியாக 150 ஏக்கர். அதில் கிரீன்கள் (குழி இருக்கும், ஒட்ட வெட்டிய புல்தரை) எல்லாம் சேர்ந்தாலும் சுமார் 3 ஏக்கர், டீக்கள் (முதல் அடி அடிக்கும் இடம்) 3 ஏக்கர், ஃபேர்வே (இரண்டுக்கும் நடுவே உள்ள வெட்டிய புல் பாதை) 30 ஏக்கர் அளவுதான். மிச்சமெல்லாம் ரஃப், மரங்கள், குளம், கட்டடம், வேலியோரம். இடத்தை வரைபடத்தில் தேடாதீர்கள். கூட்டமாக ஆட்டம் நடந்த நாளுக்கு மறுநாள் காலையில் நடந்து பாருங்கள். காலணித் தடம், வண்டித் தடம், மட்டை கிள்ளிப்போட்ட புல் எதுவுமே இல்லாத இடம் எதுவோ, அங்கே விதைக்கலாம். டீக்குப் பின்புறம், டீக்கும் ஃபேர்வேக்கும் நடுவே பந்து மேலே பறந்து போகும் பகுதி, குளக்கரை ஆகிய மூன்றும் அநேகமாக எல்லா மைதானத்திலும் தேறும்.

கேள்வி: நான் ஆடுகிறவன் சார். ரஃபில் இடுப்பளவு செடி வந்தால் பந்து தொலையும், பின்னால் வருகிறவர்கள் காத்து நிற்க வேண்டும். இது தேவையா?

பதில்: உங்கள் கவலை நியாயமானது. அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் விதைத்த இடங்களில், ஆடுகிறவர்கள் பொறுமை இழந்ததும் செடிகளைத்தான் வெட்டித் தள்ளுவார்கள். வலது கைக்காரர்களில் பலருக்குப் பந்து வலப்பக்கம்தான் வளைந்து போகும். அதனால் டீயிலிருந்து 180 முதல் 250 கஜ தூரம் வரை ஃபேர்வேயின் வலது ஓரத்தில் நான் எதையும் விதைப்பதில்லை.

2019-ல் விதி மாறியபின் பந்தைத் தேட 3 நிமிடம்தான், முன்பு 5. பூப்பகுதியை மைதானக் கமிட்டி சிவப்பு பெனால்டி பகுதியாக (பந்து விழுந்தால் தண்டனையோடு வெளியே எடுத்து ஆடும் இடமாக) குறித்து, உள்ளே ஆடக் கூடாது என்றும் அறிவித்துவிடலாம். எல்லையில் பச்சைத் தலை வைத்த குச்சிகளை நட்டால் எல்லோருக்கும் புரியும். ஒரு ஸ்ட்ரோக் (ஒரு அடி கூடுதல் கணக்கு) தண்டனையோடு பந்தை வெளியே போட்டுக்கொண்டு ஆட்டத்தைத் தொடரலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நல்ல காட்டுப்பூ நிலம் அடைசலாக இருக்காது. மெலிந்த புல்லுக்கு நடுவே அங்கங்கே தரை தெரியும், பந்தும் தெரியும். புதராக அடைத்துக்கொண்டிருந்தால் மண்ணில் சத்து அதிகம் என்று அர்த்தம். அதைப் பற்றித்தான் அடுத்தவரும் கேட்டிருக்கிறார்.

கேள்வி: விதைக் கலவை வாங்கித் தூவினோம். முதல் வருடம் கண்கொள்ளாக் காட்சி. இரண்டாம் வருடம் வெறும் களை. எங்கே தவறினோம்?

பதில்: நானும் இதே தவறைச் செய்தவன். முதல் முயற்சியில் பழைய ஃபேர்வே ஓரம் ஒன்றை உழுது விதைத்தேன். அடுத்த வருடம் மார்பளவு முள்செடிதான் நின்றது. அதைக் கையால் பிடுங்கி எடுக்க ஐந்து பேருக்கு நான்கு நாள் ஆனது.

உங்களுக்கு முதல் வருடம் பூத்தவை ஒரே பருவத்தில் பூத்துக் காய்கிற செடிகள். அவற்றுக்கு ஒவ்வொரு வருடமும் கிளறிய மண் வேண்டும். கிளறாவிட்டால் உதிர்ந்த விதை முளைக்காது, அந்த இடத்தைக் களை பிடித்துக்கொள்ளும். வாங்கும் கலவையில் பல வருடம் வாழும் நாட்டுச் செடிகள்தான் பெரும்பங்கு இருக்க வேண்டும். அட்டையில் அழகான படம் மட்டும் போட்டு, செடிகளின் பெயர்ப் பட்டியல் தராத கலவையை நான் தொடுவதே இல்லை. அதில் பரவிக் கெடுக்கும் வெளியூர்ச் செடிகளும் இருக்கலாம்.

ஆனால் விதையை விட மண்தான் பெரிய விஷயம். ஃபேர்வே ஓரம் என்றால் வருடக்கணக்காக உரம் விழுந்த மண். சத்து நிறைந்த மண்ணில் முரட்டுப் புல்லும் களையும் துள்ளி எழும், மெல்லிய பூச்செடி அவற்றின் நிழலில் செத்துவிடும். மைதானத்தில் வேறு எங்கேயும் நாம் மண்ணை வளமாக்கப் பாடுபடுவோம். இங்கே மட்டும் மண்ணை ஏழையாக்க வேண்டும். புல்லை வேரோடு உரிக்கும் சாட் கட்டர் உங்கள் கொட்டகையில் இருக்கும். அதைக் கொண்டு 5 செ.மீ. வரை உரித்து, உரித்ததை வேறு இடத்துக்குக் கொண்டுபோய்விடுங்கள். புல்லோடு சத்தும் களை விதையும் கணிசமாகப் போய்விடும். கடும் வெயில் காலம் உள்ள ஊரானால், ஈரப்படுத்திய மண்ணின் மேல் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்கை இறுக்கி விரித்து 6 முதல் 8 வாரம் விடலாம். அடியில் இருக்கும் விதைகள் வெந்துவிடும். எது செய்தாலும் அதற்குப் பிறகு ஆழமாக உழாதீர்கள். உழுதால் அடியில் தூங்கிக்கொண்டிருக்கும் களை விதைகளை நீங்களே மேலே கொண்டுவந்த மாதிரி.

விதைக்கும்போது புல்லும் பூவும் கலந்த கலவை என்றால் சதுர மீட்டருக்கு 3 முதல் 5 கிராம் போதும். அவ்வளவு கொஞ்சத்தைச் சீராகத் தூவ கைக்கு வராது. உலர்ந்த மணலோடு பிசறிக்கொண்டு, பாதியை நீளவாக்கிலும் மீதியைக் குறுக்கிலும் தூவுங்கள். மணல் விழுந்த இடம் வெளுப்பாகத் தெரியும், விட்டுப்போன இடம் கண்ணில் படும். மண் போட்டு மூடாதீர்கள். மிகச் சிறிய விதைகள் முளைக்க வெளிச்சம் வேண்டும். ரோலரை மட்டும் உருட்டுங்கள், விதை மண்ணோடு ஒட்டினால் போதும்.

குளிர்ப் பிரதேசத்தில் இருப்பவர்களுக்கு யெல்லோ ராட்டில் என்ற செடி பெரிய துணை. அது புல்லின் வேரை உறிஞ்சி அரை ஒட்டுண்ணியாக வாழும், புல் தானாக மெலியும். அதன் விதைக்கு ஒரு குளிர்காலம் முழுக்கக் கழிந்தால்தான் முளைப்பு, அதனால் இலையுதிர் காலத்திலேயே தூவிவிட வேண்டும்.

கேள்வி: விதைத்து ஒரு வருடம் ஆகப் போகிறது. வெறும் இலைதான். கமிட்டி "வெட்டிவிடு" என்கிறது.

பதில்: வெட்டுங்கள், ஆனால் ஒட்ட வெட்டாதீர்கள். பல வருடச் செடிகள் முதல் வருடம் வேரை இறக்கிக்கொண்டிருக்கும். தரையோடு ஒரு கொத்து இலைதான் தெரியும். களை 25, 30 செ.மீ. வளரும்போதெல்லாம் 10 முதல் 15 செ.மீ. உயரத்தில் வெட்டினால் களை பூக்காமல் போகும், குட்டிச் செடிக்கும் வெயில் கிடைக்கும். நிறையப் பூவைப் பார்க்க இரண்டு, மூன்று வருடம் ஆகும் என்று விதைப்பதற்கு முன்பே கமிட்டியிடம் எழுத்தில் சொல்லிவிடுவது நல்லது. ஓரத்தில் ஒரு மீட்டர் பட்டையைச் சுத்தமாக வெட்டி வையுங்கள். அந்தப் பட்டை இருந்தால் உள்ளே இருப்பது வேண்டுமென்றே விட்டது என்று எல்லோருக்கும் தெரியும்.

கேள்வி: கிரீனுக்கும் ஃபேர்வேக்கும் மருந்து அடிக்காமல் முடியாது. பக்கத்தில் பூ வைத்தால் தேனீயைக் கூப்பிட்டுக் கொல்வது போலாகாதா?

பதில்: வந்ததிலேயே முக்கியமான கேள்வி இது. சரியாகச் செய்யாவிட்டால் நீங்கள் சொன்னதுதான் நடக்கும்.

கென்டக்கி பல்கலைக்கழகத்தார் 2013-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. புல்லுக்கு நடுவே பூத்திருந்த வெள்ளை குளோவர் என்ற சிறு செடி மேல் குளோத்தியனிடின் என்ற பூச்சிக்கொல்லியை அடித்து, அங்கே பம்பிள் தேனீக் கூடுகளை வைத்தார்கள். கூடுகள் எடை கூடவில்லை, புது ராணிகள் உருவாகவே இல்லை. குளோராண்ட்ரனிலிப்ரோல் என்ற இன்னொரு பூச்சிக்கொல்லி அடித்த இடத்தில் கூடுகள் இயல்பாக வளர்ந்தன. புழுவுக்கு மருந்து வேண்டும் என்றால் எதைத் தேர்ந்தெடுப்பது என்று இதிலிருந்தே தெரிகிறது. அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. குளோத்தியனிடின் அடித்த புல்லை வெட்டிப் பூவை நீக்கியபின், புதிதாக வந்த பூக்களால் கூடுகளுக்குக் கெடுதல் தெரியவில்லை. ஆகவே புல்லில் குளோவர் பூத்திருந்தால் முதலில் வெட்டு, அப்புறம்தான் மருந்து. குளோத்தியனிடின், அதே வகையைச் சேர்ந்த இமிடாகுளோப்ரிட், தயாமீத்தாக்சம் மூன்றையும் வெளி நிலத்தில் பயன்படுத்த ஐரோப்பிய ஒன்றியம் 2018-ல் தடை விதித்தது.

பலரும் கவனிக்காத ஒன்று பூஞ்சைக்கொல்லி. ப்ராபிகோனசோல் என்ற பூஞ்சைக்கொல்லி தனியாகத் தேனீயைப் பெரிதாகத் தாக்காது. பைரித்ராய்டு வகைப் பூச்சிக்கொல்லியோடு ஒரே தொட்டியில் கலந்தால், தேனீயின் உடலால் விஷத்தை முறிக்க முடியாமல் போய் நஞ்சு பல மடங்காகும். வேலை மிச்சம் என்று இரண்டையும் கலக்காதீர்கள். காற்றுள்ள நாளில் அடிக்காதீர்கள். பூப்பகுதிக்கும் மருந்து போகும் இடத்துக்கும் நடுவே வெறும் புல் பட்டை ஒன்று இருக்கட்டும். வாரா வாரம் மருந்து வாங்கும் கிரீனை ஒட்டிப் பூவை விதைக்கவே வேண்டாம், எவ்வளவு அழகான இடமாக இருந்தாலும்.

கேள்வி: நான்கு தேன்பெட்டி வைத்துவிட்டால் போதாதா?

பதில்: போதாது. பெட்டித் தேனீ நாம் வளர்க்கும் பிராணி. உலகில் 20,000-க்கும் மேற்பட்ட தேனீ இனங்கள் இருக்கின்றன, பெரும்பாலானவை கூட்டமாக வாழாத தனித்தேனீக்கள். பூ குறைவாக உள்ள இடத்தில் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தால் அவற்றின் சாப்பாட்டில் போய்ப் பங்கு கேட்கும். முதலில் பூவை உண்டாக்குங்கள்.

கேள்வி: பங்கர் (மணல் பள்ளம்) ஓரத்தில் வரிசையாகக் குழிகள், மேலே பூச்சிகள் சுற்றுகின்றன. குளவி என்று பயந்து மருந்து அடிக்கச் சொல்கிறார்கள். அடிக்கவா?

பதில்: தயவுசெய்து இப்போது அடிக்காதீர்கள். குந்தி உட்கார்ந்து பத்து நிமிடம் பாருங்கள். குழி பென்சில் நுழையும் அளவா, சுற்றிலும் எறும்புப் புற்று போலப் பொடிமண் குவிந்திருக்கிறதா, உள்ளே போகிறதன் பின்னங்காலில் மஞ்சள் தூள் அப்பியிருக்கிறதா? அப்படியென்றால் அது தன் குஞ்சுக்கு மகரந்தம் சுமக்கும் தனித்தேனீ. தேனீ இனங்களில் சுமார் 70 சதவீதம் மண்ணில்தான் கூடு வைக்கும், வெயில் படும் வெற்றுத் தரை என்றால் அவற்றுக்குக் கொள்ளை ஆசை. குழிக்கு மேலே வட்டமிடுபவை பெரும்பாலும் ஆண்கள், அவற்றுக்குக் கொடுக்கே கிடையாது. பெண்ணையும் கையில் பிடித்து நசுக்கினால் ஒழிய அநேகமாகக் கொட்டாது. சில வாரத்தில் பறப்பது நின்றுவிடும். அதுவரை ஒரு கயிறு கட்டி அறிவிப்புப் பலகை வையுங்கள். ஒரே துவாரத்தில் பல பூச்சிகள் ஓயாமல் போய் வந்துகொண்டிருந்தால் அது குளவியாக இருக்கலாம், அதற்கு ஆள் கூப்பிட வேண்டியதுதான்.

கேள்வி: வண்ணத்துப்பூச்சி வர எந்தப் பூ வைக்கலாம் அக்கா? (பதில் சொல்பவர் அண்ணா என்றால் மன்னிக்கவும்!)

பதில்: அண்ணாதான், பரவாயில்லை. பூ மட்டும் வைத்தால் வந்து குடித்துவிட்டுப் போய்விடும். தங்க வேண்டும் என்றால் புழு தின்னும் செடியும் வேண்டும். மொனார்க் வண்ணத்துப்பூச்சியின் புழு, எருக்குக்கு உறவான மில்க்வீட் செடிகளை மட்டுமே தின்னும். வட அமெரிக்காவில் ஆடுபான் இன்டர்நேஷனல், என்விரான்மென்டல் டிஃபென்ஸ் ஃபண்ட் என்ற இரண்டு சுற்றுச்சூழல் அமைப்புகள் சேர்ந்து 'மொனார்க்ஸ் இன் த ரஃப்' என்று கோல்ஃப் மைதானங்களுக்கென்றே ஒரு திட்டம் தொடங்கி, ரஃபில் மில்க்வீட் விதைக்க வைத்தார்கள். உங்கள் பக்கத்து வண்ணத்துப்பூச்சிக்கு எந்தச் செடி என்று பார்த்து அதை வையுங்கள். இலையில் ஓட்டை விழும், அதற்காகத்தானே வைக்கிறோம்.

கேள்வி: வருடத்துக்கு எத்தனை முறை வெட்டுவது?

பதில்: நிலைபெற்ற பிறகு ஒரே முறை, பூத்து விதை உதிர்ந்தபின். வெட்டியதை இரண்டு மூன்று நாள் அங்கேயே காயவிட்டு, விதை கொட்டியதும் வாரி எடுத்துவிடுங்கள். கிடந்து மக்கினால் மண் மறுபடி கொழுக்கும். ஒவ்வொரு வருடமும் மூன்றில் ஒரு பங்கை வெட்டாமல் விட்டு, அந்தப் பங்கை மாற்றிக்கொண்டே வாருங்கள். காய்ந்த தண்டுக்குள் அடுத்த வருடத் தேனீ தூங்கிக்கொண்டிருக்கும்.

கேள்வி: பலன் இருக்கிறது என்று உறுப்பினர்களுக்கு எப்படிக் காட்டுவது?

பதில்: எண்ணிக் காட்டுங்கள். வெயிலடிக்கும், காற்றில்லாத நாளில் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் கயிற்றுச் சட்டத்தைப் பூப்பகுதியில் போட்டு, பத்து நிமிடத்தில் பூவில் வந்து உட்காருகிறவற்றைத் தேனீ, ஈ, வண்ணத்துப்பூச்சி, வண்டு என்று பிரித்துக் குறியுங்கள். அதே நேரத்தில் சாதாரண ரஃபிலும் ஒருவர் குறிக்கட்டும். மாதம் ஒரு தடவை போதும். எந்த மாதத்தில் எண்ணிக்கை விழுகிறதோ அந்த மாதத்தில் பூ இல்லை என்று அர்த்தம், அடுத்த விதைப்பில் அப்போது பூக்கும் செடியைச் சேருங்கள். என் மைதானத்தில் பருவத்தின் கடைசி இரண்டு மாதம் அப்படித்தான் வெறுமையாக இருந்தது. பின்பருவத்தில் பூக்கும் இரண்டு செடிகளைச் சேர்த்தபின், சீட்டில் அந்தக் கட்டங்களும் நிரம்ப ஆரம்பித்தன.